நாய் கடித்தால், கீறினால், நக்கினால்: நகரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான ரேபிஸ் வழிகாட்டி

போன தை மாதம் என் தங்கை மகன், ஆறு வயது, இரண்டு நாளாக வீட்டுக்குள்ளேயும் சாக்ஸைக் கழற்றாமல் திரிந்தான். குளிப்பாட்டும்போது இழுத்துக் கழற்றிப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே இரண்டு கோடு, ஒன்றில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கேட்டுக் கேட்டு, அழுது முடித்த பிறகுதான் விஷயம் வந்தது. எதிர்வீட்டுக் காருக்கு அடியில் கிடக்கும் குட்டிக்கு பிஸ்கட் கொடுக்கப் போயிருக்கிறான், அது காலைக் கவ்வியிருக்கிறது, சொன்னால் அடி விழும் என்று சாக்ஸுக்குள் ஒளித்துவிட்டான். என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குட்டிதானே, பால்குடி மறக்காதது, அதுக்கு என்ன விஷம் இருக்கப் போகுது" என்றார்.

இந்தக் "குட்டிதானே" தான் ஆளைக் கொல்கிறது. 2025 இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு இளம் கபடி வீரர், சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிவிடும்போது அது கையில் கடித்தது, சின்னக் காயம் என்று ஊசி போடாமல் விட்டார், அப்புறம் ரேபிஸ் வந்து இறந்தார். தமிழ்நாட்டில் 2024 இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் ரேபிஸில் இறந்தார்கள். ஊசி கிடைக்காத ஊர் இல்லை இது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். கீறல்தானே என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதும், இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவதும், சீரம் (காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்து) போடாமல் விடுவதும்தான் பிரச்சினை. அதனால் கடித்த நிமிடத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

இது உடம்புக்குள் என்ன செய்கிறது

கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ரேபிஸ் கிருமி, வெறி பிடித்த மிருகத்தின் எச்சிலில் இருக்கும். கடி, நகக்கீறல், புண்ணின் மேல் நக்குவது, கண்ணிலோ வாயிலோ எச்சில் படுவது, இப்படி எதன் வழியாகவும் அது உள்ளே வரும். வந்ததும் ரத்தத்தில் ஓடாது. கடிபட்ட தசையில் கொஞ்ச காலம் தங்கி, அங்கிருக்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி மெதுவாக ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சில சமயம் ஒரு வாரத்திலேயே வரும், சில சமயம் ஒரு வருடம் தாண்டியும் வரும். முகம், தலை, கழுத்து, கைவிரல் என்றால் சீக்கிரம். முகம் மூளைக்குப் பக்கம், விரல் நுனியில் நரம்புகள் அதிகம்.

இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். மூளையை எட்டிய பிறகு மருந்து கிடையாது. கடித்த இடத்தில் குறுகுறுப்பு, காய்ச்சல், அப்புறம் தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகுவது, ஃபேன் காற்று பட்டாலே துடிப்பது என்று ஆரம்பித்துவிட்டால், உலகில் எங்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர யாரும் பிழைத்ததில்லை. நோயாளி நாய் மாதிரி குரைப்பார் என்பது கதை. தொண்டைத் தசை இறுகி வரும் கரகரப்பைத்தான் அப்படிச் சொல்லிவிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் கை கால் செயலிழந்து அடங்கிவிடும், அது ரேபிஸ் என்றே வெளியே தெரியாது.

முதல் கால் மணி நேரம்: குழாயடி

கடித்ததும் ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள், முதலில் குழாயைத் திறங்கள். ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, 15 நிமிடம். இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். அதனால் துணி சோப்போ, குளியல் சோப்போ, பாத்திரம் தேய்க்கும் லிக்விடோ, கைக்கு எது கிடைக்கிறதோ அது போதும். இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் உள்ள சிகிச்சை வேறு எதுவும் எனக்குத் தெரியாது, ஆனால் முழுதாகச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. காரணம், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். பையனை பாத்ரூமில் முக்காலி போட்டு உட்காரவைத்து, போனில் டைமர் வைத்தேன். நன்றாகக் கழுவிவிட்டோம் என்று திருப்தியோடு நிமிர்ந்து பார்த்தால் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. பாதியில் மேல்நிலைத் தொட்டி காலி, மோட்டார் போட்டு, அது ஏறுவதற்குள் பக்கெட்டில் இருந்ததை மக்கில் மொண்டு ஊற்றி, எப்படியோ கால் மணி நேரத்தைக் கடத்தினோம். இரண்டு நாள் கழித்துக் கழுவி என்ன பயன் என்று தோன்றலாம். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும்.

கழுவிய பிறகு பீட்டாடின் இருந்தால் போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். எரிச்சல் கிளம்பும், புண் கெடும், டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம், ரத்தம் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எவ்வளவு பெரிய கடி? நீங்கள் முடிவு செய்யாதீர்கள், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்

டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மிருகத்தைத் தொட்டது, தீனி கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது, இது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், தோலை லேசாகச் சுரண்டிய பல் படல், இது இரண்டாம் வகை. தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருக்கும் புண்ணை நக்கியது, வாய் கண்ணில் எச்சில் பட்டது, இதெல்லாம் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும்.

கவனியுங்கள், ஒரு சொட்டு ரத்தம் வந்தாலே மூன்றாம் வகைதான். சதை பிய்ந்து தொங்கினால்தான் பெரிய கடி என்று நம் ஆட்கள் நினைப்பது தப்பு. ரத்தம் வந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸுக்குள் இருந்த அந்த இரண்டு கோட்டில் ஒன்று மூன்றாம் வகை.

ஆஸ்பத்திரியில்

பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நாய்க்கடி ஊசி உண்டு, நகர்ப்புற நிலையங்களிலும் உண்டு. ஆனால் சீரம் எல்லா இடத்திலும் இருக்காது. ரத்தம் வந்த கடி என்றால் நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போவது ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 க்கு அடித்துக் கேளுங்கள். இரவு பத்து மணி என்றாலும் போங்கள், காலை ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம், கேஷுவால்ட்டி எதற்கு இருக்கிறது.

தடுப்பூசி என்ன செய்யும்? உங்கள் உடம்பையே எதிர்ப்புச் சக்தி தயாரிக்க வைக்கும். அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியைப் பிடித்து அமுக்கத்தான் சீரம். அது தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள். உடல் எடைக்கு ஏற்ற அளவு என்பதால்தான் முதலில் எடை பார்ப்பார்கள். காயத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் ஊசியால் இறக்குவார்கள். வலிக்கும், பொய் சொல்லப் போவதில்லை, குழந்தை என்றால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் "தடுப்பூசி போட்டாச்சு, இது எதுக்கு" என்று இதை விட்டுவிட்டுப் போனவர்களில்தான் ஊசி போட்டும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே கிடைக்கவில்லையா, முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். அதற்குப் பிறகு போட்டுப் பயனில்லை. ரத்தம் வந்த கடிக்குச் சீரம் பற்றிப் பேச்சே எடுக்காமல் அனுப்பினால், "சீரம் போட வேண்டாமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

காயத்தை உடனே தையல் போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். தைத்தே ஆக வேண்டிய காயம் என்றால் சீரம் போட்ட பிறகுதான் தைப்பார்கள். டி.டி. (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம், ஆன்டிபயாடிக்கும் தரலாம், அவையெல்லாம் வேறு கிருமிகளுக்கு.

தேதிகள்

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பெரியவர்களிடம் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து, இந்தியாவில் அதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குன்னூரில் 1907 இல் ஆரம்பித்த பாஸ்டர் நிறுவனமும் அந்தக் காலத்தில் தயாரித்தது அந்த மருந்தைத்தான். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் போடுவது தோலுக்குள் போடும் ஊசி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று, துளியூண்டு மருந்து. சரியாகப் போட்டால் கொசு கடித்த மாதிரி சின்னதாக ஒரு புடைப்பு எழும், பையன் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாட்கள் 0, 3, 7, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0, கடித்த நாள் அல்ல. திங்கட்கிழமை ஆரம்பித்தால் அந்த வியாழன், அடுத்த திங்கள், அப்புறம் முதல் ஊசியிலிருந்து சரியாக நாலு வாரம் கழித்து வரும் திங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள், அது 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. எந்த முறையில் ஆரம்பித்தீர்களோ அதே முறையிலேயே முடிப்பது நல்லது. நடுவில் வெளியூர் போக வேண்டியிருந்தால் சீட்டைக் கையோடு எடுத்துப் போய், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காட்டித் தொடரலாம். ஒரு தேதி தப்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஜனங்கள் அதிகம் மறப்பது 28 ஆம் நாளைத்தான், புண் ஆறியிருக்கும், நாயும் மறந்திருக்கும். போனில் அலாரம் வையுங்கள். இடுப்பில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், அங்கிருக்கும் கொழுப்பில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. பெரியவர்களுக்குப் புஜம், சின்னக் குழந்தைக்குத் தொடை.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தாராளமாகப் போடலாம். பத்தியம் கிடையாது. கறி மீன் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதெல்லாம் நாமே சேர்த்துக்கொண்டது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முன்பே முழுதாக ஊசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டு நாள் போதும், சீரம் வேண்டாம். அதற்குப் பழைய சீட்டு கையில் இருக்க வேண்டும், அதனால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்தப் பத்து நாள் கணக்கு

"நாயைப் பத்து நாள் பாரு, செத்தா ஊசி போடு" என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை, பாதி ஆபத்து. நாயும் பூனையும் எச்சிலில் கிருமியோடு இருந்தால் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும், அது சரி. ஆனால் ஊசியை உடனே ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். பத்தாம் நாள் அது வாலாட்டிக்கொண்டு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மிச்ச ஊசியை அவர் முடிவு செய்வார். இந்தக் கணக்கு நாய், பூனைக்கு மட்டும்தான். குரங்கு, மாடு, நரிக்கு இல்லை. தெருநாயைப் பத்து நாள் தேடிக் கண்டுபிடிப்பதும் எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் இல்லை.

கடித்தது வீட்டு நாய், அதற்கு ஊசி போட்டிருக்கிறது என்றாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பூனைக் கீறலை நாய்க்கடி மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். எலி, அணில், வீட்டுக்குள் ஓடும் மூஞ்சூறு கடித்தால் பொதுவாக இந்த ஊசி தேவைப்படுவதில்லை. வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்திருந்தால் பயமில்லை.

நாயிடம் என்ன பார்ப்பது

நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் நாயை எல்லோரும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். குரல் மாறிக் கரகரப்பது, கேட்டையும் டயரையும் கல்லையும் கடிப்பது, இலக்கில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் அந்த வகை. இன்னொரு வகை அமைதியானது, எனக்கு அதுதான் அதிகப் பயம். எப்போதும் ஓடிவரும் நாய் படிக்கு அடியில் இருட்டில் முடங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு மாட்டிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்கள், சென்னையில் 1913.

வீட்டு நாய், தெரு நாய்

வளர்க்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அதற்குப் பின் வருடா வருடம். வீட்டை விட்டே இறங்காத பூனைக்கும் வேண்டும், ஒருநாள் ஜன்னல் வழியாக இறங்காமலா போகும். சென்னையில் மாநகராட்சி உரிமம் வாங்குவது கட்டாயம், தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. தினமும் நாய்களோடு புழங்குகிறவர்கள், அதாவது தெருவில் சோறு வைப்பவர்கள், நாய் பிடிக்கும் பணியாளர்கள், கால்நடை மருத்துவம் படிப்பவர்கள், கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தெருநாய் விஷயத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, நான் சண்டைக்கு வரவில்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 ஆம் ஆண்டு விதி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அப்படி விடச் சொன்னது. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. நோயை நிறுத்துவது மட்டும் கேள்வி என்றால் பதில் தெளிவானது: ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்கு வருடா வருடம் ஊசி போட்டால் ரேபிஸ் பரவ வழியில்லாமல் போகும். கோவா அதை விடாமல் செய்து 2021 இல் ரேபிஸைக் கட்டுப்படுத்திய மாநிலமாக அறிவித்துக்கொண்டது.

நம் தெருவில் நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான், ஆனால் சலிப்பான வேலை. எத்தனை நாய், எதற்குக் காதில் வெட்டு இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அர்த்தம், அன்று போட்ட ஊசி இன்றைக்கும் செல்லும் என்று அர்த்தமில்லை. வெட்டு இல்லாதவற்றுக்காக மாநகராட்சியில் புகார் பதிந்து, புகார் எண்ணை வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். வண்டி வரும் நாளில், அந்த நாய்களுக்குத் தினமும் சோறு வைக்கும் அக்கா யாரோ அவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவர் கூப்பிட்டால்தான் நாய் வரும், வலையைப் பார்த்தால் தெருவே காலியாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் கூடும் நாய்கள் தை, மாசியில் குட்டி போடும், அந்தச் சமயம் தாய் நாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோழிக்கடைக் கழிவு கொட்டும் மூலை இருந்தால் அங்கே நாய்க்கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதைச் சரிசெய்யாமல் நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழந்தைகளிடம்

தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், மூன்றின் பக்கமும் போகக் கூடாது. துரத்தினால் ஓடக் கூடாது, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் பந்து மாதிரி சுருண்டு, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கும் இதுதான், பைக்கில் போகும்போது துரத்தினால் முறுக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, கடித்தால் வீட்டில் திட்டு விழாது என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு என் தங்கை அவனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள், எது கடித்தாலும் கீறினாலும் வந்து சொன்னால் அடி கிடையாது, கூடவே ஒரு ஐஸ்கிரீமும் உண்டு என்று. 28 ஆம் நாள் ஊசி முடிந்த மறுவாரமே வந்து சொன்னான், மாடிப்படியில் ஒரு பூனை தன்னை முறைத்ததாம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்டான். கையைக் காலைத் திருப்பிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம்.